அறுபது கலம் பிடிக்க எந்தச் சிப்?

கச்சான் அடிக்கத் தொடங்கினால் நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் கடைசிப் பாத்திகளின் தண்ணீர் நாளுக்கு நாள் நிறம் மாறும். முதலில் கலங்கிய பழுப்பு, பிறகு இளஞ்சிவப்பு, உப்புப் பூக்கும் நேரத்தில் பீற்றூட் அவித்து இறக்கிய தண்ணீர் மாதிரி. போன ஆனியில் அதில் இரண்டு போத்தல் அள்ளிக்கொண்டு நான் வரப்பில் ஏறியபோது, பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்து, “உப்பை விட்டிட்டுத் தண்ணியைக் கொண்டு போறீங்களே தம்பி” என்று சிரித்தார். எனக்கு வேண்டியது அந்தத் தண்ணீரும் இல்லை, அதில் நீந்தும் ஒற்றைக் கலங்கள் அறுபது. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

அந்தச் சிவப்பில் ஒரு பங்கு டுனாலியெல்லா சலினா என்ற ஒற்றைக்கல அல்காவுடையது. 1838இல் பிரான்சின் தென்கரை உப்பளங்களில் இதைக் கவனித்தவர் டுனால் என்ற தாவரவியலாளர். 1905இல் தெயோதொரெஸ்கு அவர் பெயரையே அதற்கு வைத்தார். வெயிலும் உப்பும் கூடி, நைதரசன் குறைந்தால் இது தன் உடம்பில் பீட்டா கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறப்பொருளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உலர் நிறையில் 10 சதவீதம் வரைக்கும் போகும். அவுஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் இதைக் குளம் கட்டி வளர்த்து விற்கிறார்கள். எங்கள் பாத்திகளில் சும்மா வளர்ந்து சும்மா போகிறது. எங்கள் திட்டம் சின்னது: ஒரே மாதிரியிலிருந்து அறுபது தனிக் கலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனி வம்சமாக வளர்த்து, எந்த வம்சம் நன்றாகக் கரோட்டின் சேர்க்கிறது என்று பார்ப்பது.

இதற்கு எந்தக் கருவி வாங்கலாம், எதை நாங்களே செய்யலாம் என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி எங்கள் பொறுப்பாளர் மிஸ் சொன்னார். நானும் இரண்டு வாரம் இருந்து, நிமிடத்துக்கு எத்தனை கலம், செக்கனுக்கு எத்தனை துளி, துல்லியம் எத்தனை சதவீதம் என்று பெரிய அட்டவணையாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, எங்களுக்கு எத்தனை கலம் வேணும்?”

“அறுபது, மிஸ்.”

“அப்ப செக்கனுக்கு ஆயிரம் பிரிக்கிறதை ஏன் முதல் வரியில போட்டிருக்கிறீங்க? எங்களுக்கு ஒரு நிமிசமும் தேவைப்படாதே.”

அந்த அட்டவணை அத்தோடு போயிற்று. திரும்ப எழுதியது இது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கலங்களைத் தரம் பிரிப்பது வேறு, தனியாக்குவது வேறு. நெல்லைத் தூற்றுவதற்கும் ஒரு நெல்மணியை எடுத்துத் தனிச் சட்டியில் நடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நுண்சிப் என்பது மயிரளவுக் கால்வாய்களோ குழிகளோ உள்ள சின்னத் துண்டு. சந்தையில் உள்ள நுண்சிப்களில் பெரும்பாலானவை தூற்றுகிற வேலையைச் செய்பவை. பெரியதை ஒரு வாய்க்காலிலும் சிறியதை இன்னொரு வாய்க்காலிலும் அனுப்பும். ஒளிர்வதை இந்தப் பக்கம், ஒளிராததை அந்தப் பக்கம் தள்ளும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனிக் குழியில் வைத்து, “இது ஒன்றுதான்” என்று கையெழுத்துப் போட்டுத் தருபவை கொஞ்சம்.

எங்களுக்குத் தூற்றுவது வேண்டுமா? நான் வேண்டும் என்றுதான் நினைத்தேன். சிவந்த கலங்களை மட்டும் பொறுக்கினால் பாதி வேலை முடிந்ததே! ஆனால் சிவப்பு என்பது அந்தக் கலம் பட்ட பாட்டின் நிறம். அதே கலத்தை உப்புக் குறைந்த, சத்துள்ள நீரில் விட்டால் சில நாளில் பச்சையாகிவிடும். அதன் பிள்ளைகளும் பச்சை. பச்சையாக நீந்தும் பக்கத்துக் கலம் அதைவிட நல்ல வம்சமாக இருக்கலாம். வளர்த்து, எல்லாவற்றையும் ஒரே வெயிலில் ஒரே உப்பில் வாட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நிறம் பார்த்துத் தரம் பிரிப்பதில் எங்களுக்குப் பயனில்லை. தனியாக்கினால் போதும். இந்த ஒன்று தெளிந்ததும் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிட்டது.

சிப்பே இல்லாத வழிகளைச் சொல்லாமல் சிப்பை ஒப்பிடுவது நியாயமில்லை. கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி மயிரளவுக்கு இழுத்து, நுணுக்குக்காட்டியைப் பார்த்தபடி ஒரு கலத்தை உறிஞ்சி எடுப்பது அல்கா வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. செலவு இல்லை. கை பழக வேண்டும். ஆனால் திருகோணமலையில், கச்சான் நேரத்தில், உப்பு நீரில் அதைச் செய்து பார்க்க வேண்டும் நீங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, கலத்தைத் தேடிப் பிடித்து, ஊசியைக் கிட்டக் கொண்டுபோவதற்குள் துளியின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் முளைக்கும். அடுத்து இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிப் பெட்டிகள் மாதிரி உப்புப் பளிங்குகள் உள்நோக்கி வளர்ந்து வரும். நடுவில் நீந்திய கலம் உருண்டு சுருங்கி நின்றுவிடும். குளிரூட்டியைப் போட்டால் காற்று இன்னும் உலரும். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து நான் எடுத்தவை ஏழு. அதில் வளர்ந்தவை இரண்டு.

அடுத்தது ஐதாக்கும் முறை. மாதிரியை ஐதாக்கி ஐதாக்கி, 96 குழித் தட்டில் ஒரு குழிக்குச் சராசரி 0.3 கலம் விழும்படி ஊற்றுவது. தற்செயலாக விழுபவற்றைக் கணக்கிடும் புவாசோன் பரம்பலின்படி 96 குழியில் ஏறத்தாழ 71 வெறுமையாக இருக்கும், 21இல் ஒரு கலம், மூன்று நான்கில் இரண்டு அல்லது அதற்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மூன்று நான்கு என்று யாருக்கும் தெரியாது. வளரும் குழிகளில் ஏழில் ஒன்று ஒற்றைக் கலத்திலிருந்து வந்ததல்ல. அந்த ஒன்று எது என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். இரண்டாம் முறை திரும்ப ஐதாக்கினால் சந்தேகம் குறையும், மாதங்கள் கூடும். இது மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். கருவி எதுவும் இல்லாத இடத்தில் இதுதான் வழி. ஏகார் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் மாதிரியைக் கோடாக இழுத்துப் பரப்புவதும் அப்படியே, ஆனால் உப்புக் கூடிய ஏகாரில் இந்தக் கலம் மனமில்லாமல்தான் வளரும்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் சொல்வது ஒளிர்வைப் பார்த்துக் கலம் பிரிக்கும் இயந்திரத்தை. இதன் மூத்த வடிவம் 1965இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் மக் ஃபுல்வைலர் செய்தது: கலம் உள்ள தாரையைத் துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் மின்னேற்றம் கொடுத்து வலமும் இடமும் தள்ளுவது. 1999இல் அமெரிக்காவின் கல்டெக் பல்கலைக்கழகத்தில் கலம் பிரிக்கும் வேலையை இறப்பர் சிப்பின் கால்வாய்க்குள் செய்து காட்டினார்கள். இன்றைக்குச் சிப்பையே கழற்றி மாற்றக்கூடிய மேசையளவு இயந்திரங்கள் வந்துவிட்டன. பெரிய இயந்திரங்களில் ஒரு குழிக்கு ஒரு கலம் என்று போடும் வசதியும் உண்டு. அப்படியென்றால் தனியாக்கலும் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. இரத்தக் கலத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

எங்கள் கலத்துக்கு மூன்று கரைச்சல். இந்த இயந்திரங்கள் மாதிரியைச் சுற்றி உறை நீர் ஒன்றை ஓடவிடும். அது வழக்கமாக உடம்பு நீரின் உப்பளவில், நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். டுனாலியெல்லாவுக்கு விறைப்பான கலச்சுவர் கிடையாது; உப்பு மிகுந்த நீரிலிருந்து சட்டென்று ஐதான நீருக்கு விழுந்தால் ஊதி வெடிக்கும். உறை நீரையும் அதே உப்பளவுக்கு மாற்றலாம்தான். அப்புறம் அந்த உப்பு முனைக் குழாயில் காயும். வாங்கித் தந்தவர் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டாவது, நீல லேசரை அடித்துப் பச்சையத்தின் சிவப்பொளிர்வைப் பார்ப்பதுதான் அல்காவுக்கு வழக்கம். ஆனால் கரோட்டின் நிறைந்த கலத்தில் நீல ஒளியைக் கரோட்டினே விழுங்கிவிடும், பச்சையமும் குறைந்திருக்கும். ஆகவே “ஒளிர்வதை எடு” என்று சொன்னால் இயந்திரம் நல்ல பிள்ளையாகப் பச்சைக் கலங்களை மட்டும் பொறுக்கித் தந்து, சிவந்தவற்றைக் கழிவுப் போத்தலில் போடும். மூன்றாவது விலை, அதோடு வருடா வருடம் வரும் பராமரிப்புச் செலவு. இயந்திரம் வாங்கக் காசு கிடைத்தாலும் பராமரிக்கக் காசு கிடைக்காது என்பது இந்த நாட்டில் எந்த ஆய்வுகூடத்து அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாலும் தெரியும்.

வெளியில் எங்காவது இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மாதிரியை அனுப்பலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. இரவு ரெயிலில் கொழும்புக்கு ஒரு போத்தல் அனுப்புவது பெரிய வேலையில்லை. அங்கே எங்கள் உப்புத் தண்ணீரைத் தங்கள் இயந்திரத்துக்குள் விட யார் சம்மதிப்பார்கள்? நானாக இருந்தால் சம்மதிக்க மாட்டேன்.

மின்புலத்தால் கலத்தை இழுக்கும் சிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீரற்ற மின்புலத்தில் துணிக்கைகள் நகர்வதற்கு 1951இல் ஹேர்பேர்ட் போல் பெயர் வைத்தார். சிப்பில் பொன் மின்வாய்களைப் பதித்து, மீடிறனை மாற்றி மாற்றி, உயிருள்ள கலத்தை ஒரு பக்கமும் செத்ததை மறுபக்கமும் ஒதுக்கலாம். ஒரு கலத்தைக் கூண்டில் அடைத்ததுபோல் பிடித்து வைத்து நகர்த்தும் சிப்களும் உண்டு. ஆனால் நீர் மின்னைக் கடத்தக் கடத்த வெப்பம் கூடும். கடல் நீரிலேயே கடினம், உப்பளத் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு கடத்தும். கலத்தை அவித்து எடுப்பதாக இருந்தால் பரவாயில்லை. உப்புக்குப் பதில் சீனிக் கரைசலில் கலத்தை வைக்கிறார்களே என்று பார்த்தேன். எங்கள் கலம் தாங்கும் பிரசாரண அமுக்கத்துக்குச் சமமாக்க லீற்றருக்கு அரைக் கிலோவுக்கு மேல் சீனி போட வேண்டும். அது தொதல் கிண்டுவதற்குக் காய்ச்சும் பாணி. வெட்டிவிட்டேன்.

மின்சாரம் இல்லாமல் நீரோட்டத்தாலேயே பிரிக்கும் சிப்கள் இரண்டு. இவற்றில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒன்று தூண் வரிசைச் சிப். 2004இல் பிரின்ஸ்டனில் இருந்து வந்தது. கால்வாய் முழுக்க நுண்ணிய தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடக் கொஞ்சம் விலகி நிற்கும். சிறிய துணிக்கை தூண்களுக்கிடையே வளைந்து நெளிந்து நேராகப் போய்விடும். ஓர் அளவுக்கு மேல் பெரியது ஒவ்வொரு தூணிலும் முட்டி ஒதுங்கி ஒதுங்கிச் சரிவாகப் போகும். அந்த எல்லை அளவை முன்கூட்டியே கணக்கிடலாம்: தூண் இடைவெளி 20 மைக்ரோமீற்றர், விலகல் பத்தில் ஒன்று என்றால் எல்லை ஏறத்தாழ 9.3 மைக்ரோமீற்றர். டுனாலியெல்லா பத்தை ஒட்டியது. அழகாகப் பொருந்துகிறது, ஆனால் தாளில்தான். கலச்சுவர் இல்லாத இந்தக் கலம் உருண்டையாகவும் இருக்கும், பேரிக்காய் மாதிரி நீண்டும் இருக்கும். நீண்ட கலம் தன் ஒடுங்கிய பக்கத்தின் அளவில்தான் தூணுக்குத் தெரியும். அதோடு, 20 மைக்ரோமீற்றர் இடைவெளியில் ஒரு உப்புப் பளிங்கு விழுந்தால் அந்த வரிசை முடிந்தது.

மற்றது சுருள் சிப். நுளம்புச் சுருள் மாதிரி வளைத்து வளைத்து ஒரே கால்வாய். உள்ளே தூணும் இல்லை, மின்வாயும் இல்லை. வேகமாக ஓடும் நீரில் துணிக்கைகள் தாமாகவே ஓர் இடத்துக்கு ஒதுங்கும். 1961இல் சேக்ரேயும் சில்பர்பேர்க்கும் நேர்க்குழாயில் இதைக் கண்டார்கள். துணிக்கைகள் நடுவிலிருந்து ஆரையின் 0.6 பங்கு தூரத்தில் வளையமாக நின்றன. கால்வாயை வளைத்தால் குறுக்காகவும் ஒரு சுழற்சி வரும். பெரியது உள்சுவர்ப் பக்கம் கூட, சிறியது மறுபக்கம் போகும். கால்வாயின் குறுக்களவில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பருமன் உள்ள துணிக்கைதான் நன்றாக ஒதுங்கும் என்பது கைக்கணக்கு. பத்து மைக்ரோமீற்றர்க் கலத்துக்குக் குறுக்களவு 140ஐத் தாண்டாத கால்வாய் போதும். அவ்வளவு அகலத்தில் அடைப்பு வருவது குறைவு. வேண்டியது ஒரு சிரிஞ்ச் பம்ப், இரண்டு குழாய்.

எங்கள் தண்ணீரில் இதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. சிவப்பில் பெரும் பங்கு உண்மையில் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் என்ற, பக்ரீரியா மாதிரியான நுண்ணுயிர்களுடையது, டுனாலியெல்லாவைவிட மிகச் சிறியவை. (அதில் ஒன்று முத்திரை மாதிரித் தட்டையான சதுரம். 1980இல் சினாய்க் கரைக் குட்டையொன்றில் கண்டுபிடித்தார்கள். நுணுக்குக்காட்டியில் அப்படி ஒரு சதுரத்தைப் பார்த்துவிட்டு நான் அதை உப்புப் பளிங்கு என்று குறித்து வைத்தேனோ என்ற சந்தேகம் இன்றைக்கும் இருக்கிறது.) சுருளில் ஒருமுறை ஓடவிட்டால் பெரிய கலங்கள் ஒரு வாயாலும் சில்லறைகள் மற்ற வாயாலும் போய்விடும். ஆனால் இது தூற்றுகிற வேலைதான், தனியாக்காது. மையநீக்கியை மெதுவாகச் சுற்றி, மேல்நீரை மூன்று முறை மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே சுத்தம் கிடைக்கிறது. ஆகவே சுருளை “பிறகு பார்ப்போம்” பக்கத்தில் எழுதினேன். மனசில்லாமல்.

அடுத்தது துளிச் சிப், இந்த நாட்களில் எல்லாரும் பேசுவது. நீரோட்டத்தை இரண்டு பக்கத்தாலும் எண்ணெய் வந்து நெரித்து வெட்ட, ஒரே அளவுத் துளிகள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கும். 50 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துளியின் கொள்ளளவு 65 பிக்கோலீற்றர். ஒவ்வொரு துளியும் ஒரு சோதனைக் குழாய். 2015இல் ஆயிரமாயிரம் தனிக் கலங்களின் ஆர்.என்.ஏ.யை ஒரே தடவையில் படிக்க முடிந்தது இந்த வழியால்தான். பார்ப்பதற்கும் அவ்வளவு அழகு. ஒருநாள் முழுக்க அந்தக் காணொளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு மட்டும் பழைய கணக்கே. துளிக்குச் சராசரி 0.1 கலம் என்று விட்டால் நூறில் தொண்ணூறு துளி வெறுமை, ஒன்பதில் ஒன்று, இருநூறில் ஒரு துளியில் இரண்டு. ஐதாக்கும் முறையேதான், வேகம்தான் வேறு. துளிகள் எல்லாம் ஒரே குப்பியில் எண்ணெயோடு கிடக்கும். அதிலிருந்து அறுபதைப் பிரித்து அறுபது குழியில் போட இன்னொரு சிப், இன்னொரு லேசர், இன்னொரு மின்வாய். எண்ணெயும் சும்மா எண்ணெய் அல்ல, புளோரின் ஏற்றியது. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க அதில் கரைக்கும் பொருள் அதைவிட விலை. இந்த வகைத் திரவங்களை விற்றுவந்த 3எம் நிறுவனம் 2025 முடிவோடு புளோரின் சேர்மங்கள் தயாரிப்பதை நிறுத்துவதாக 2022 திசம்பரில் அறிவித்தது. வேறு தயாரிப்புகள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கப்பலில் வரவேண்டிய ஒரு போத்தலை நம்பி வேலை தொடங்குவது எப்படிப்பட்ட சீவியம் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் சொல்லியிருந்த பொதி ஐந்து மாதம் கழித்து வந்தது. மூடி திறந்து பாதி ஒழுகியிருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து என்ன பயன்?

கடைசியில் மிஞ்சியது, ஒப்பீட்டில் யாரும் முதலாவதாகப் போடாத, நகராத சிப்: குழித்தட்டு. பம்ப் இல்லை, ஓட்டம் இல்லை. இறப்பர்த் துண்டு ஒன்றில் வரிசையாகச் சின்னக் குழிகள், பணியாரச் சட்டி மாதிரி.

நாங்கள் வரைந்தது 30க்கு 30, மொத்தம் 900 குழி. ஒவ்வொன்றும் 100 மைக்ரோமீற்றர் நீள அகல ஆழம், அதாவது ஒரு நனோலீற்றர். குழிக்குக் குழி 200 மைக்ரோமீற்றர் தூரம் விட்டால் மொத்தத் தட்டும் 6 மில்லிமீற்றர்ச் சதுரம், சுண்டுவிரல் நகத்தளவு. மில்லிலீற்றருக்கு மூன்று லட்சம் கலம் இருக்கும்படி மாதிரியைச் சரிசெய்து மேலே ஊற்றினால் குழிக்குச் சராசரி 0.3. அந்த 96 குழித் தட்டின் அதே 0.3தான். ஏறத்தாழ 200 குழியில் ஒரே ஒரு கலம் இருக்கும், 33இல் இரண்டோ மேலோ. வித்தியாசம் என்னவென்றால் இங்கே பார்க்கலாம். தட்டு கண்ணாடி போல் தெளிவு. நுணுக்குக்காட்டியின் அடியில் வைத்து வரிசை வரிசையாகப் போய், ஒன்று உள்ள குழியைக் குறித்துக்கொண்டு, இரண்டு உள்ளதை விட்டுவிடலாம். படமும் எடுத்து வைக்கலாம். “இந்த வம்சம் ஒற்றைக் கலத்தில் இருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?” என்று நாளைக்கு யாராவது கேட்டால் படத்தை நீட்டலாம். மற்றக் கருவிகள் இலட்சக்கணக்கில் செலவழித்துத் தரும் உறுதி இதுதான்.

தட்டின் இறப்பர் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் பசை. பத்துப் பங்கு பசைக்கு ஒரு பங்கு இறுகவைக்கும் திரவம் கலந்து, குமிழி போக வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றி, ஓவனில் 70 பாகையில் ஓரிரு மணித்தியாலம் வைத்தால் உரித்தெடுக்கலாம். 1990களில் ஹாவர்டில் ஜோர்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் பரப்பிய முறை. அதன்பின் நுண்சிப் செய்வது சமையற்கட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. அச்சுத்தான் கடினம். ஒழுங்கான அச்சுக்குத் தூசில்லா அறையும், சிலிக்கன் வில்லையில் எஸ்யூ-8 என்ற, ஒளி பட்டால் இறுகும் பிசினைப் பூசி ஒளியில் பதிக்கும் வசதியும் வேண்டும். எங்கள் அறையில் யன்னலைச் சாத்தினாலும் கச்சான் மணல் மேசையில் படியும். அதனால் பிசின் முப்பரிமாண அச்சியந்திரத்தில் அச்சை எடுத்தோம்; 100 மைக்ரோமீற்றர்க் குழிக்கு அதன் நுணுக்கம் போதும், 20 மைக்ரோமீற்றர்த் தூணுக்குப் போதாது. தூண் வரிசையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் அச்சில் ஊற்றிய தட்டு கடைசிவரை இறுகவில்லை. மேல்பக்கம் இறப்பர், அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசு. பசை பழசு என்று நினைத்துப் புதுப் பொதியை உடைத்தேன், அதுவும் அப்படியே. அச்சுப் பிசினில் எஞ்சியிருக்கும் இரசாயனங்கள் பசை இறுகுவதைக் கெடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அச்சை அற்ககோலில் நன்றாகக் கழுவி, ஊதாக்கதிர் விளக்கில் இரண்டாம் தரம் இறுக்கி, ஓவனில் ஒரு இரவு வைத்தபின் தட்டு வடிவாக உரிந்து வந்தது. ஒரு பொதிப் பசை நட்டம்.

அடுத்த கரைச்சல் காற்று. இந்த இறப்பர் தண்ணீரை வெறுக்கும். மாதிரியை ஊற்றினால் தண்ணீர் குழிகளின் மேலே பாலம் போட்டு நிற்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு குமிழி, நுணுக்குக்காட்டியில் கறுப்பு வளையம். தட்டை முதலில் வெற்றிடத்தில் இருபது நிமிடம் வைத்து எடுத்து, உடனே மாதிரியை ஊற்றினால், காற்றிழந்த இறப்பரே குமிழியை உறிஞ்சிக்கொள்ளும். கறுப்பு வளையங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, ஒரு பொட்டாகி, இல்லாமல் போவதைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு லாப்பில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கலம் நீந்துமே, குழியை விட்டு வெளியே போய்விடாதா? போகும். அதனால் மேலதிக நீரைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் வழித்துவிட்டு, மெல்லியதாகக் கனிய எண்ணெய் பூசிவிடுகிறோம். ஒவ்வொரு குழியும் கூரை போட்ட அறையாகிவிடும், ஆவியாதலும் குறையும். இறப்பர் வழியாகவும் நீராவி போகும் என்பதால் தட்டை மூடிய கிண்ணத்தில், பக்கத்தில் நனைத்த பஞ்சோடு வைக்க வேண்டும். பஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்தால் ஆவி வந்து குழிகளை ஐதாக்கிவிடும். கலம் இருக்கும் அதே உப்பளவு நீரில் நனைக்க வேண்டும், எங்களுக்கு லீற்றருக்கு 88 கிராம். பாத்தியில் 300 கிராமைத் தாண்டிய தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் பல நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஐதாக்கினோம்.

எடுப்பது பழையபடி இழுத்த கண்ணாடி ஊசியால்தான். ஆனால் இப்போது கலம் ஓட இடமில்லை, துளியும் காயாது, எந்த வரிசை எந்தக் குழி என்பதும் தாளில் இருக்கிறது. ஊசி முனையில் எண்ணெய் ஒட்டும். அடுத்த துளியில் ஒருமுறை கழுவினால் போகும். ஒரு நாளில் இருபது எடுக்க முடிகிறது. எல்லாம் பிழைக்காது என்று வைத்து நூறு எடுத்தாலும் ஒரு வாரம்.

குறை இல்லாமல் இல்லை. கண் எரியும், கழுத்து நோகும். நுணுக்குக்காட்டி முன்னால் பொறுமையாக இருக்கக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும், அவர் லீவு போட்டால் வேலையும் லீவு. அறுபது அறுநூறானால் இந்த முறை நொண்டும், ஆறாயிரமானால் செத்துவிடும். அந்த நாள் வந்தால் எண்ணெய் விலையைப் பார்க்காமல் துளிச் சிப்புக்குத்தான் போக வேண்டும். நிலாவெளித் தண்ணீருக்குப் பதிலாகக் கொட்டியாரக் குடாவின் கடல் நீரில் அரிதான ஒரு கலத்தைத் தேடுவதென்றாலும் முடிவு மாறும்: இலட்சத்தில் ஒன்றைத் தேட முதலில் தூற்றத்தான் வேண்டும், அப்போது சுருள் சிப் முதலில் வரும், குழித்தட்டு அதன் பின்னால். இரத்தத்தில் புற்றுநோய்க் கலம் தேடுகிறவர்களுக்கும் நிலைமை அதுதான். இந்தக் கட்டுரையைப் பார்த்து அவர்கள் குழித்தட்டு ஊற்றத் தொடங்கினால் பொறுப்பு என்னுடையதல்ல.

இரண்டாம் முறை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: பிடிஎம்எஸ் இரண்டு பொதி, கனிய எண்ணெய், கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி, நுணுக்குக்காட்டிக்கு ஒரு கமரா, வெற்றிடப் பம்புக்கு யூ.பி.எஸ். மிஸ் படித்துவிட்டு, “சுருள் சிப் எங்க?” என்று கேட்டார். ஆசை முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அச்சியந்திரம் சும்மாதானே இருக்கு, சுருளுக்கும் ஒரு அச்சு எடுத்துப் பாருங்க, ஆனா முதல்ல அறுபதையும் முடிங்க என்றார்.

ஐப்பசியில் வாடை மழை தொடங்கினால் பாத்திகள் கரைந்து சிவப்புப் போய்விடும். அதற்குள் இன்னும் இரண்டு முறை நிலாவெளிக்குப் போய்த் தண்ணீர் அள்ள வேண்டும். இந்த முறை அந்த அக்காவுக்குக் காட்டக் கைபேசியில் ஒரு படம் வைத்திருக்கிறேன்: ஒரு சதுரக் குழி, நடுவில் செம்மஞ்சளாய் ஒரே ஒரு கலம்.